கோயிலாழ்வாரின் ஒடிந்த கால்

புளியங்கொட்டை வறுபடும் வாசனை ஐப்பசி மழைநாளில் வீடெல்லாம் நிற்கும். ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டு மறுநாளும் போகாது. எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் ஒரு ஐப்பசி முழுக்க அம்மா அதை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

பெருமாள் எழுந்தருளியிருக்கும் மரப்பெட்டியை எங்கள் வீடுகளில் "கோயிலாழ்வார்" என்போம். கூரை ஒழுகுகிறதென்று அதை நகர்த்தியபோது முன்கால் ஒன்று ஒடிந்துவிட்டது. பழைய மரம், ஆணி அடித்தால் பிளந்துவிடும் என்று ஆசாரி கைவிரித்தார். "வஜ்ரம்" காய்ச்சி ஒட்டினால் ஒரே ராத்திரியில் பிடித்துக்கொள்ளுமாம். ஆனால் வஜ்ரம் என்பது மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுப்பது. அந்தப் பேச்சை எடுத்ததுமே அப்பா காதைப் பொத்திக்கொண்டார்.

பெட்டிக்குள் பெருமாளாக இருந்த சாளக்கிராமம் பித்தளைத் தட்டுக்குப் போயிற்று. "பெருமாளுக்கு இடமில்லாதபோது நமக்கென்ன சாப்பாடு?" என்று அப்பா வெறும் பாலோடு நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் டைபாய்டிலிருந்து பிழைத்து எழுந்திருந்தார். வேளை தவறாமல் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பொறுப்பில்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அம்மா காய்ச்சிய பசையைத் தடவி, வாழைநாரால் கட்டி வைத்தோம். அந்த ஈரத்தில் அது காயவே இல்லை. பூஞ்சணம் பூத்து, பெட்டியைத் தூக்கியதும் கால் கழன்று விழுந்தது. மறுபடி காய்ச்சினாள், மறுபடி கழன்றது. மலைக்கோட்டைக் கடைத்தெருவிலிருந்து அரக்கு வாங்கிவந்து உருக்கி ஊற்றினோம். பெட்டியின் கனத்தில் விண்டுபோயிற்று. அரக்கும் ஒரு பூச்சி தருவதுதான் என்பது அப்பாவுக்குத் தெரியாதா, தெரிந்தும் பேசாமலிருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நம் ஆசாரத்துக்கும் சில சமயம் கண் தெரியாது.

ஒரு நாள் காலை ஜபத்துக்கு உட்கார்ந்த அப்பா எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். அம்மா என்னை அனுப்பி ஆசாரியை வரவழைத்தாள்.

"வஜ்ரமே போட்டுடுங்கோ."

"ஐயா ஒத்துக்கிட்டாருங்களாம்மா?"

"நான் சொல்றேன், போடுங்கோ."

கொல்லையில் வஜ்ரம் கொதிக்கத் தொடங்கியதும் அந்த நாற்றம் உள்ளே வராமலிருக்குமா? அப்பா தள்ளாடிக்கொண்டு கொல்லைவாசலுக்கு வந்து நின்றார்.

"என்னடி காரியம் பண்றே?"

அம்மா தலைநிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அப்பாவுக்கு எதிரில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று மட்டும்தான். "பெருமாள் புறப்பாட்டுல முன்னாடி வாசிச்சுண்டு போறாளே மேளம், அது எந்தத் தோலாம்? அவர் கேட்டுண்டுதானே வரார்? பாவமிருந்தா என்னோட இருக்கட்டும். நீங்க சாப்பிடணும்."

அப்பா உள்ளே போய்விட்டார். மறுநாள் பெட்டியின் கால் பாறையாய் நின்றது. பெருமாளை எழுந்தருளப்பண்ணி, அம்மா சமைத்த தளிகையை நைவேத்தியமாகக் கண்டருளப்பண்ணி, அப்பா இலையில் உட்கார்ந்தார். அவர் முதல் கவளம் எடுத்ததைப் பார்த்துவிட்டு அம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள்.

அந்த வாரத்திலிருந்து அம்மா சனிக்கிழமைகளில் உபவாசமிருக்கத் தொடங்கினாள். ஏன் என்று நான் கேட்டபோது, "பண்ணினது நான்தானே? நான்தானே தீர்க்கணும்," என்றாள். கடைசிப் படுக்கையிலும் அவள் அதை விடவில்லை.

அப்பாவும் போய்விட்டார். அந்த வீட்டை இடித்து மாடிவீடுகளாக்கிவிட்டார்கள். இப்போதெல்லாம் எதை ஒட்டவும் கடையில் வெள்ளைப் பசை டப்பாவில் கிடைக்கிறது. அது எதிலிருந்து வந்தது என்று கேட்பாரில்லை. கோயிலாழ்வார் அண்ணன் வீட்டில் இருக்கிறது. போகும்போதெல்லாம் சேவித்துவிட்டுத்தான் வருகிறேன், பெருமாளிடம் எனக்கொரு குறையுமில்லை. அப்பாவிடம்தான் குறை. அத்தனை சனிக்கிழமைகளிலும் அவள் பரிமாறச் சாப்பிட்டாரே, "நீ சாப்பிடலையா?" என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.