தப்புக்குக் காட்டிய நெருப்பு

பழைய வீடியோ கேமின் சண்டை இசையை ரசிகர்கள் ஆர்கெஸ்ட்ராவாக்கி இணையத்தில் போட்டிருந்தார்கள். பதுளை நெட் கபேயில் அதைக் கேட்டதும் எங்கள் பாடசாலை வாத்தியக் குழுவுக்கு நானும் ஒன்று எழுதினேன். வயலின்களுக்கு நடுவே எங்கள் தோட்டத்துத் தப்புப் பறையை வைத்தேன். விடிகாலையில் லயத்து வீடுகளையே வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு எழுப்பும் சத்தம் அது.

மேடையேறும் முன் யாழ்ப்பாணத்துச் சங்கீத ஆசிரியர் சில தாள்களை நீட்டினார்.

"உது செத்த வீட்டு மேளம், பிள்ளை. இந்த டிரம்ஸ் பாகத்தை வாசியும்."

"தப்பு இல்லாட்டி நான் வரலீங்க சேர்."

வயலின் வாசிக்கும் செல்வியும் வில்லைக் கீழே வைத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னவோ செய்யுங்கோ" என்றார்.

மழைக் குளிரில் தப்பின் தோல் தொய்ந்திருந்தது. அதை இறுக்கச் சூடு காட்ட வைக்கோல் இல்லை. அவர் தந்த தாள்களைக் கொளுத்தினேன்.

திமிர் என்றார்கள். இருக்கட்டும். அன்று தப்பு முழங்கிய முழக்கத்துக்கு, அதைவிட நல்ல விறகு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.