ஆரத்தித் தட்டுக்கு எழுதிய பாண்டு

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய செட்டியார் வீட்டை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். அங்கே எனக்கு வாசலில் நிற்கிற வேலை. காரிலிருந்து இறங்குகிறவர்களுக்கு ஆரத்தி சுற்றி, நெற்றியில் குங்குமம் வைத்து, "வெல்கம்" சொல்ல வேண்டும். என் பேரன் பேத்திகளைக்கூட நான் அப்படி வரவேற்றதில்லை.

இதற்கும் பயிற்சி உண்டு. சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து எனக்குச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

"பாட்டி, சிரிச்சா பல்லு தெரியணும்."

"இருக்கிற பல்லு தெரியும் தாயி. இல்லாததுக்கு நான் எங்குட்டுப் போறது?"

சாயங்காலம் இங்கிலீஷ் டியூசன். எல்லாம் முடிந்ததும் மானேஜர் பாண்டு என்று ஒரு ஒப்பந்தப் பத்திரத்தை வாசித்துக் காட்டினார். இரண்டு வருஷம் நான் வாசலில் வரவேற்கிற வேலையைச் செய்ய வேண்டும். நடுவில் நின்றால், பயிற்சிச் செலவு என்று அவர்கள் போட்டிருந்த பெரிய தொகையைக் கட்ட வேண்டும். மூன்றாம் வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்து வீணாகக் கிடந்தது. போட்டேன்.

வருஷம் திரும்புவதற்குள் என் வீட்டுக்காரர் போய்விட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்குகிறபோது ஊசி போடுவார்களே, அந்த மாதிரி இருந்தது. தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு, வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு வேலைக்கே போகலாம் என்று போனேன்.

"ஐயா, தாலிய எறக்கியாச்சு. இனிமே நான் ஆரத்தித் தட்டைத் தொடக்கூடாது" என்றேன்.

மானேஜர் கோயம்புத்தூர்க்காரர். அவருக்கும் தெரியாத வழக்கம் இல்லை. "வெளிநாட்டுக்காரங்களுக்கு இதெல்லாம் தெரியவா போகுது பாட்டிம்மா? நில்லுங்க" என்றார்.

நின்றேன். அவர்களுக்குத் தெரியத்தான் இல்லை. என் நெற்றி வெறுமையாக இருக்க, ஊர் உலகத்து நெற்றிக்கெல்லாம் குங்குமம் வைத்தேன். ஒரு வெள்ளைக்காரர் என்னைக் கும்பிட்டுப் படம்கூட எடுத்துக்கொண்டார். எனக்குப் பாத்திரம் துலக்குகிற மாதிரிதான் இருந்தது.

பிறகு ஒரு உள்ளூர்க் கல்யாணத்துக்கு ஹோட்டலைப் பிடித்தார்கள். மாப்பிள்ளையை வாசலில் நான்தான் அழைக்க வேண்டுமாம். ஹோட்டல்காரர்கள் காட்டிய பழைய விளம்பரப் படத்தில் தட்டோடு நிற்பது நான் அல்லவா? நேராக மானேஜரிடம் போனேன். புருஷன் செத்தவள் அந்தப் பிள்ளைக்கு ஆரத்தி சுற்றினால், நாளைக்கு அந்த வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும் என் பெயர்தான் அடிபடும்.

"என்னையச் சமையக்கட்டுல போட்ருங்கய்யா."

"பாண்டுல வரவேற்புன்னுதான் இருக்கு. முடியாதுன்னா பணத்தைக் கட்டிட்டு நின்னுக்குங்க."

கட்டப் பணமும் இல்லை. வீட்டில் போய் உட்கார மனசும் இல்லை.

சிவகங்கை கோர்ட்டில் ஏழைபாழைகளுக்கு இலவசமாக யோசனை சொல்லும் வக்கீல் இருப்பதாகச் சொன்னார்கள். பஸ் ஏறிப் போனேன். சின்ன வயசுப் பெண். பாண்டை இரண்டு தடவை படித்தாள்.

"படிச்ச சர்டிபிகேட்டு எதுவும் வாங்கி வச்சிருக்காகளா அப்பத்தா?"

"மூணாப்புக்கு ஏது தாயி சர்டிபிகேட்டு? அந்த வாத்தியாரே இப்ப இல்ல."

அவள் சிரித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "பாண்டு எழுதிக் குடுத்துட்டீகங்கிறதுக்காக ஒங்களைக் கட்டி இழுத்து வேலை வாங்க முடியாது. நீங்க நின்னாலும், ஒங்க பயிற்சிக்குன்னு நெசமா ஆன செலவைக் காட்டித்தான் கேக்கணும். இதுவரைக்கும் வேலை பாத்ததையும் அதுல கழிக்கணும். பயமுறுத்துறதுக்குன்னு பெருசாப் போட்டு வச்சா, அது அப்படியே கோர்ட்டுல நிக்காது."

"சிரிக்கச் சொல்லிக் குடுத்ததுக்கு என்ன தாயி செலவு ஆயிருக்கும்?"

"அதைத்தான் அவுகளைக் காட்டச் சொல்லுங்க."

அப்படியே போய் மானேஜரிடம் சொன்னேன். "யாரு சொன்னா?" என்றார். "கோர்ட்டுல கருப்புக் கோட்டுப் போட்ட பிள்ளை" என்றேன். முகம் மாறியது. ஆபீஸுக்குள் போய் யாருடனோ போனில் பேசினார். வெளியே வந்தபோது கையில் புதுப் பாண்டு. சமையல்கட்டில் வேலை, மறுபடி முதலிலிருந்து இரண்டு வருஷம். கை கழுவுவதற்கு ஒரு பயிற்சியாம். அதற்கும் செலவு போட்டிருந்தார்கள். இந்தத் தடவை தொகை சின்னது.

கையெழுத்துப் போட்டேன். ஜெயித்துவிட்டோமே, சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. போய்க் கை கழுவினேன்.

கல்யாணத்தன்று பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முன்னால் மேளச்சத்தம். மாப்பிள்ளை வந்துவிட்டார் போல. அந்த நேரத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு ஆச்சி மெல்ல நடந்து வந்து, சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்தார். பெண்ணின் அப்பாவைப் பெற்றவர். கல்யாணச் செலவு முழுக்க அவருடையது என்று காலையில்தான் பேசிக்கொண்டார்கள்.

"என்ன ஆச்சி, இங்குட்டு வந்து உக்காந்துட்டீக? பேத்தி கல்யாணமுல்ல. மாப்பிள்ளை அழைக்கிறதைப் பாக்கலையா?"

"பாக்கலாம். நீ படத்துல தட்டோட நின்னவதானே? ஒன்னைய ஏன் வாசல்ல காணோம்?"

சொன்னேன். பாண்டு, வக்கீல், புதுப் பாண்டு எல்லாம். ஆச்சி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இங்குட்டு வந்து உக்கார்றதுக்கு ஒனக்கு வக்கீலு, கோர்ட்டு எல்லாம் வேண்டியிருந்துச்சாக்கும். என்னைய யாரும் ஒண்ணுஞ் சொல்லல. மேளச்சத்தம் கேட்டுச்சு, நானா எந்திரிச்சு வந்துட்டேன்."

அவர் கையை நீட்டினார். ஒரு கத்தியும் கொஞ்சம் வெங்காயமும் கொடுத்தேன். மேளம் நிற்கிற வரைக்கும் இரண்டு பேரும் உரித்தோம்.