சிற்றாற்று வாய்க்காலில் பதினோரு வரிக் கல்வெட்டு

1983 ஜூலையில் குற்றாலம் போனேன், குளிக்க அல்ல. அப்போது சென்னையில் கல்வெட்டுகளைப் படியெடுப்பது என் வேலை. மின்சாரத் திட்டத்துக்காக ஆற்றிலோ வாய்க்காலிலோ வெடி வைக்குமுன், நீருக்கடியில் கிடக்கும் கல்வெட்டுகளைப் படியெடுத்தே தீர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. வேலை தாமதமாகிறதாம், அந்த விதியை ஒரே உத்தரவில் ரத்து செய்துவிட்டார்கள். சிற்றாற்று வாய்க்கால் ஒன்றில் இதுவரை யாரும் படிக்காத ஒரு கல். புதன் காலை எட்டு மணிக்கு அதற்கு வெடி. வந்த கோபத்தில் சொந்த விடுப்பில் கிளம்பிவிட்டேன்.

எழும்பூரில் திங்கள் மாலை ரயில் ஏறினேன். செவ்வாய் காலை பத்தரைக்குத் தென்காசி. குற்றாலத்துக்கு பஸ், ஐந்து கிலோமீட்டர், அறுபது பைசா. அங்கிருந்து இலஞ்சிப் பக்கமாக இரண்டு கிலோமீட்டர் நடை. சாரல் விடவே இல்லை. (சீசனில் போகிறவர்கள் குடையை மறந்துவிடாதீர்கள்.)

கல் இடுப்பளவு தண்ணீரில் கிடந்தது. மேலே மடையை அடைத்தால்தான் தெரியும். அன்று வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை அந்த ஊர் விவசாயி சுடலைமுத்து அண்ணாச்சியுடையது; அடைத்தால் அவர் வயலுக்குத்தான் தண்ணீர் போகாது. நடவு நேரம் வேறு.

“ஒரு மணிக்கு அடச்சுத் தாறேன் சார். மூணு மணிக்கு அடுத்த முறைக்காரன் வந்து நிப்பான், ஒரு நிமிசம் பொறுக்க மாட்டான்,” என்றார். “ஆனா எங்க தண்ணியப் பத்தி அதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லிரணும். மேலூர்க்காரன் வாய்க்காலே அவனுக்குத்தான்னு சொல்லுதான்.”

தேய்ந்த எழுத்து, வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. பாசியைத் தேய்த்து, ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டி, சற்றுக் காய்ந்ததும் மை ஒற்ற வேண்டும். சாரலில் எங்கே காய்வது? அண்ணாச்சியும் அவர் மனைவி பேச்சியம்மாளும் கல்லுக்கு மேலே சாக்கைப் பிடித்து நின்றார்கள். வழக்கம்போல முதல் வரியிலிருந்து தொடங்கினேன். பதினோரு வரியில் நான்கு முடியவும் மணி மூன்றானது. மடை திறந்தது.

“என்ன சார் போட்டிருக்கு?”

“ராஜாவோட வீரம், அண்ணாச்சி. எல்லாக் கல்வெட்டும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.”

“எங்க தண்ணி?”

“அது கடைசியிலதான் வரும்.”

“அப்பம் கடைசியிலருந்தே எடுத்திருக்கலாம்லா?” என்றார் பேச்சியம்மாள்.

எட்டு வருடம் இதே வேலை பார்த்தவன் நான். அவமானமாக இருந்தது. அண்ணாச்சி திட்டியிருந்தால் தேவலை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் எட்டு மணிக்குக் கல்லுக்கு வெடி வைத்தார்கள்.

நீருக்கடியில் கல்வெட்டு தேடிப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: பாசி தேய்க்க நார் பிரஷ், மூன்று மடங்கு தாள், கூடவே இரண்டு ஆள். தொடங்குவது கடைசி வரியிலிருந்து. அந்த ராஜாவின் வீரம் இன்னும் எத்தனையோ கோயில் சுவர்களில் இருக்கிறது. அந்தத் தண்ணீர் யாருக்கு என்பது அந்த ஒரு கல்லில்தான் இருந்தது.