துர்காதேவி கொடுத்த யோசனை

பிள்ளையார்பாளையத்தில் துர்காதேவியைத் தெரியாதவர்கள் குறைவு. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம். அந்தத் தெருவிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண். படிப்பு முடிவதற்குள்ளேயே கம்பெனியில் சம்பளம் வாங்குகிறாள் என்பது அதைவிடப் பெரிய பேச்சு. ஆறு மாத இன்டர்ன்ஷிப், மாதம் பதினாலாயிரம். பிள்ளைகளிடம் ஓசியில் வேலை வாங்கிக்கொண்டு கடைசியில் ஒரு சர்டிபிகேட்டை நீட்டும் கம்பெனிகள் மலிந்துகிடக்கும் காலத்தில், கொடுத்துவைத்தவள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள், பாவம்.

விடிகாலை ஐந்தரைக்கு மூங்கில் மண்டபத்தில் கம்பெனி பஸ் வரும். ஒரகடம் பக்கம், கார் கதவுக்குக் கீல் செய்கிற தொழிற்சாலை. முதல் வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். இரண்டாவது வாரம் ஆள் இல்லை என்று பதினோராம் நம்பர் பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்டர்ன் என்று பெயர் வைத்துவிட்டால் போதும், ஆளை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் நிறுத்தலாம், கேட்பாரில்லை.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. இரும்புத் தகட்டை அச்சின்மேல் வைக்க வேண்டும். இரண்டு கையாலும் இரண்டு பச்சைப் பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போதுதான் மேல் அச்சு நாற்பது டன் பலத்தோடு இறங்கித் தகட்டை வளைக்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்குள் இருக்க முடியாதே, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

துர்காதேவிக்கு அது எரிச்சலாக இருந்தது. பொத்தானுக்குப் போய்த் திரும்புவதிலேயே பாதி நேரம் போகிறது. பத்து வயதிலிருந்து வீட்டுத் தறியில் உட்கார்ந்தவள் அவள். கால் பாட்டுக்கு மிதிக்கும், கை பாட்டுக்கு ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளும். ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளவே வேண்டாம். இன்டர்ன்ஷிப்பில் வேலையை மேம்படுத்த ஒரு யோசனை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். பொத்தான்களை எடுத்துவிட்டுக் காலால் அழுத்தும் மிதி ஒன்று வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தாள்.

நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்தவளுக்கு அந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாதா? தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். மிஷினுக்கு முன்னால் ஒரு சென்சார் இருந்தது, கை உள்ளே போனால் மிஷின் நின்றுவிடும். அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டாள்.

மிதி மூன்றே நாளில் வந்தது. ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து நானூறு கீல் வந்துகொண்டிருந்த பிரஸ்ஸில் அவள் இரண்டாயிரத்து நூறு போட்டாள். சூப்பர்வைசர் சிவராஜ் செல்போனில் அவள் வேலை செய்வதைப் படம் பிடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். "இன்னாமா இது, மிஷினே உன் பின்னாடி ஓடிக்கினு இருக்குது. படிப்பு முடிஞ்சதும் நீ இங்கதான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் ரெடி பண்ணச் சொல்லியிருக்கேன்." அன்று சாயங்காலமே அம்மா மஹாலட்சுமி கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் சென்சாரின் விளக்கு எரியவில்லை. துர்காதேவி கேட்டாள்.

"அது சும்மா சும்மா நிறுத்திக்கினு இருந்துச்சும்மா. உன் வேகத்துக்கு அது சரிப்படாது," என்றார் சிவராஜ்.

அணைந்திருந்த விளக்கை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் மறுபடி கேட்கவில்லை. ஆர்டர் என்ற ஒரு சொல் அவள் வாயை அடைத்திருந்தது.

மாசி மாதம் ஒரு மத்தியானம். அன்று ஓவர்டைம், ஒன்பதாவது மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தகடு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது. அவள் கால் மிதித்தது. மிதித்த அதே நொடியில் கை உள்ளே போனது.

தூக்கக் கலக்கமில்லை, கவனக்குறைவும் இல்லை. தறியில் மிதித்தால் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடும், அந்த வழியில் கை போகும். மிதித்தால் திறக்கும்; அவள் உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பிரஸ்ஸில் மிதித்தால் மூடும். எப்படியோ கையை இழுத்துவிட்டாள். கையுறையின் இரண்டு விரல் நுனிகள் மட்டும் அச்சுக்குள் மாட்டிக் கிழிந்தன. விரல்களை எண்ணிப் பார்த்தாள், மறுபடியும் எண்ணினாள். ஐந்தும் இருந்தன.

கிழிந்த கையுறையோடு சிவராஜிடம் போனாள். "சார், மிதியை எடுத்துடுங்க. நானே எழுதித் தர்றேன்."

"கை நல்லாதானே இருக்குது?" அவர் கையுறையை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். "எழுதும்மா, தாராளமா எழுது. ஐடியா யாருதுன்னு கேட்டா உன் பேர்தான் இருக்குது. ஆர்டர் நாளைக்குக் கையெழுத்தாவுது. நல்லா யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். எழுதவில்லை. அவளைத் திட்டுவது சுலபம். அந்த ஆர்டருக்காக வீடே காத்திருந்ததைப் பார்த்தவர்கள் திட்ட மாட்டார்கள்.

ஆர்டர் வந்தது. கண்ணாடித் தடுப்புக்குள் ஏசி அறையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே அந்த வரிசையில் இருந்த எட்டு பிரஸ்ஸுக்கும் மிதி வந்தது. டார்கெட் 2100 என்று பலகையில் எழுதி வைத்தார்கள். வீட்டில் அம்மா தறிக்குக் கூப்பிட்டால் தலைவலி என்று சொல்லிவிடுவாள். ஒருநாள் உட்கார்ந்து பார்த்தாள். கால் மிதித்ததும் கை தானாகப் பின்வாங்கிக்கொண்டது. இனி எது நடந்தாலும் அது தன்னால்தான் என்ற பயம் சோற்றில் கை வைக்கும்போதும் கூடவே இருந்தது.

வைகாசியில் கல்லூரி லீவு விட்டதும் புது இன்டர்ன்கள் வந்தார்கள், பன்னிரண்டு பேர். அவர்களில் கமலும் இருந்தான். அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, அதே கல்லூரியில் மூன்றாம் வருஷம். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவளே அவள்தான், தை மாதத்தில், மிதி வருவதற்கு முன்னால்.

சிவராஜ் அவர்களைப் பிரஸ் வரிசைக்கு முன்னால் நிறுத்தினார். "இதுல தறி வூட்டுப் பசங்க யாருப்பா? கை தூக்குங்க."

நாலு கைகள் உயர்ந்தன. முதலில் தூக்கியவன் கமல். கண்ணாடிக்குள் இருந்த அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

துர்காதேவி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். "கையைக் கீழ போடு கமல். நீங்க யாரும் அதுல உக்காராதீங்க. தறியில மிதிச்சா தெறக்கும், இதுல மூடும். என் கையே போயிருக்கும்." ஒருவழியாகச் சொல்லிவிட்டாள். மூன்று மாதம் தாமதமாகச் சொன்னாள்.

சிவராஜுக்குக் கோபமே வரவில்லை. "இவங்க போட்டதுதான்பா ரெண்டாயிரத்து நூறு. இப்ப ஆபீசர் ஆயிட்டாங்க, அதான் பயம்," என்றார். பையன்கள் சிரித்தார்கள். "நீ உள்ள போம்மா. நாளைக்கு உன் ஆர்டரைப் பத்திப் பேசலாம்."

நண்பர்களுக்கு முன்னால் கமலுக்கு வெட்கமாகிவிட்டது. அவள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"பயப்படாதக்கா. ஆறாவது படிக்கும்போதே தறியில உக்காந்தவன் நான். கால் மிதிச்சா போதும், கை தன்னால உள்ள போவும்."

கையுறையை மாட்டிக்கொண்டு பதினோராம் நம்பருக்குப் போய் உட்கார்ந்தான்.