ஆம்புரோஸின் தப்புப் புத்தகங்கள்

சீனப் புத்தாண்டுப் பெருநாள் வந்தால் ஈப்போ கடைத்தெரு முழுவதும் பட்டாசுக் காகிதம் சிவப்பாகக் கிடக்கும். பெருக்கவும் ஆள் இருக்காது. லேபிள் அச்சடிக்கும் ஒரு சீனர் கடையிலும் எல்லோரும் சொந்தபந்தங்களைத் தேடிப் போய்விடுவார்கள். கடைச் சாவி அங்கே வேலை செய்யும் ஆம்புரோஸிடம் வந்து சேரும்.

தவுக்கே என்கிற முதலாளி ரிக்‌ஷாவில் ஏறும்போது கேட்பார்: "ஆம்போ, லு தடா கம்போங் கா?" உனக்குப் போக ஊரே இல்லையா என்று பொருள்.

"இல்ல தவுக்கே" என்று ஆம்புரோஸ் சிரித்துவைப்பார்.

கடலோர லூமுட்டில் அவருக்கு ஒரு மகள் இருந்தாள். பெயர் எல்ஸி. பதினெட்டாம் வருஷத்து விஷக்காய்ச்சலில் மனைவி இறந்தபோது அவள் கைக்குழந்தை. அடக்கத்துக்கு வந்த மனைவியின் அக்கா கெர்ட்ரூட், திரும்பிப் போகும்போது குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனாள். அவள் விதவை, பிள்ளையில்லாதவள், லூமுட்டில் தையல் வேலை செய்து பிழைத்தவள்.

"மொதல்ல நீங்க ஒரு வீடு வாசல்னு நிமிந்து நில்லுங்க தம்பி. புள்ளயப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். ஆம்புரோஸ் தலையாட்டினார். ஈப்போவிலேயே சிலிபினில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கடை மாடியில், மை நாற்றத்துக்கு நடுவே படுக்கையைப் போட்டார். ஒரே ஆளுக்கு எதற்கு வீடு?

ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் லூமுட்டுக்கு பஸ் ஏறுவார். வாசலில் அவர் தலை தெரிந்ததும் எல்ஸி உள்ளே ஓடுவாள்.

"பெரியம்மா, ஈப்போ ஆளு வந்திருக்கு!"

பிறகு கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். ரிப்பன் கொடுத்தால் வாங்குவாள். பிஸ்கட் கொடுத்தால் வாங்குவாள். பேச மாட்டாள். கெர்ட்ரூட் காப்பி கொடுப்பாள், மீன் குழம்பு வைப்பாள், கோயில் சமாச்சாரம் கேட்பாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவார். பிள்ளைக்கு ஐந்து வயது ஆகும்வரை அப்பனும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஆம்புரோஸ் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா பால்மரம் சீவினாள். பாதிரியார் ஒருவர் பையனின் கரிக்கோட்டுப் படங்களைப் பார்த்து டவுன் பள்ளிக்கு அனுப்பினார். அங்கிருந்து அச்சுக்கடை. அவருடைய வேலை கல்லில் வரைவது. வழவழப்பான கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, தண்ணீர் தடவி, அச்சு மை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். வேலை முடிந்ததும் மணல் போட்டுக் கல்லைத் தேய்த்துவிடுவார்கள், அடுத்த லேபிளுக்கு.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கல்லில் வரைவது காகிதத்தில் இடம் வலமாக மாறி விழும். அதனால் எழுத்தையெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றி எழுத வேண்டும். ஆம்புரோஸ் அதில் மன்னன். தமிழ், இங்கிலீஷ் இரண்டையும் வலமிருந்து இடமாக, மூச்சு விடாமல் எழுதுவார். படத்துக்கு அந்தக் கவலை இல்லை. பிஸ்கட் டின்னில் புலி எந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கு என்ன?

இருபத்து நாலாம் வருஷச் சீனப் பெருநாளில், கடை மூடிக் கிடந்தபோது, அவர் எல்ஸிக்கு ஒரு புத்தகம் செய்தார். பேசாத பிள்ளைக்குப் படத்தையாவது காட்டலாம் என்று நினைத்தார். அடுக்கில் கிடந்த பாழான லேபிள் தாள்களின் பின்பக்கம்தான் காகிதம். உள்ளங்கை அகலப் புத்தகம். ஒரு சின்னப் பெண்ணின் ஒருநாள் பொழுது: காலையில் எழுகிறாள், அம்மா சோறு ஊட்டுகிறாள், அம்மா மரம் சீவுகிறாள், அப்பா சாப்பிடுகிறார், ராத்திரி அவள் சிலுவை போட்டுப் படுக்கிறாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு வரி. அவரே வரைந்து, அவரே மை உருட்டி, அவரே அச்சை இழுத்தார். வெளியே பட்டாசுச் சத்தம். கடைக்குள் அவர் மட்டும்.

அச்சு விழுந்த தாளை எடுத்ததும் அவர் கண் எழுத்துக்குத்தான் போகும். அது தொழில் பழக்கம். எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. திருப்தியாகக் கல்லைத் தேய்த்துக் கழுவி வைத்தார்.

எல்ஸிக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, கூடவே அச்சடித்த மிச்சப் பிரதிகளைப் பிச்சைமுத்துவிடம் கொடுத்தார். பிச்சைமுத்து சைக்கிளில் நூல், வளையல், சீப்பு எல்லாம் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக விற்கிறவன். "போட்டுப் பாப்போம்ணே. படம் பாக்க யாருக்குத்தான் பிடிக்காது" என்று வாங்கிக்கொண்டான்.

ஈஸ்டரன்று கெர்ட்ரூட்தான் முதலில் புத்தகத்தைப் புரட்டினாள். இரண்டாவது பக்கத்திலேயே அவள் முகம் மாறியது.

"தம்பி, இது என்ன கூத்து? புள்ளைக்குப் பீச்சாங்கையாலயா சோறு ஊட்டுறா?"

"எங்க?"

"எங்கயா? இந்தா, இவரும் பீச்சாங்கையால அள்ளித் திங்கிறாரு. ஐயய்யோ, இங்க பாருங்க, பீச்சாங்கையால சிலுவ போடுது! சாமியாரு கண்ணுல பட்டா என்ன ஆகுறது? இந்தப் புள்ளைக்குச் சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னு நான் அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்கேன்!"

ஆம்புரோஸ் வாங்கிப் பார்த்தார்.  எழுத்தை மாற்றிப் போட்டவர், மனிதர்களை நேராகவே வரைந்திருந்தார். வாழ்நாளெல்லாம் புலியும் யானையும் வரைந்த கைக்கு, சாப்பிடும் கை எது என்ற யோசனையே வரவில்லை. புத்தகத்தில் ஊரே இடக்கையால் உண்டது, இடக்கையால் சிலுவை போட்டது. முந்தானையெல்லாம் தோள் மாறிக் கிடந்தது. பால்மரத்தின் வெட்டுகூட எதிர்ப்பக்கம் சரிந்திருந்தது. திருத்தவும் முடியாது. கல்லைத் தேய்த்தாகிவிட்டது.

அவர் புத்தகத்தை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார். அப்போது முழங்காலருகே ஒரு விரல் வந்தது. எல்ஸி கதவைவிட்டு வெளியே வந்திருந்தாள்.

"இவங்க எல்லாரும் ஏன் பீச்சாங்கை?"

அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

தப்பாக வரைந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. "தெரியலையே கண்ணு. வேற எதுவும் தப்பா இருக்கா பாரேன்" என்றார்.

எல்ஸி தரையில் உட்கார்ந்தாள். அவரும் நாற்காலியைவிட்டு இறங்கி உட்கார்ந்தார். அவள் கண்டுபிடித்துக்கொண்டே போனாள். பொத்தான் மாறியிருக்கிறது. ஈப்போ ஆளு வாட்ச் கட்டுகிற கையும் படத்தில் இருக்கிற அப்பா வாட்ச் கட்டுகிற கையும் வேறு வேறு. பஸ் நேரம் தாண்டியது. அவர் படகுத்துறை ஓரம் யார் வீட்டிலோ இடம் கேட்டுப் படுத்துவிட்டு, மறுநாள் போனார்.

ஈப்போவில் பிச்சைமுத்து காத்திருந்தான்.

"அண்ணே, நீங்க தோட்டத்துல பொறந்த ஆளுதானே?"

"ஏன்?"

"நான் அடி வாங்காம வந்ததே பெரிசு. லகாட் பக்கம் ராக்காயின்னு ஒரு அக்கா. படத்தப் பாத்துட்டு, 'எவன்லா இவன்? பீச்சாங்கையால புள்ளைக்குச் சோறு ஊட்டுறவ எந்த லயத்து வீட்டுல இருக்கா, காட்டுலா'ன்னு வெளக்கமாத்த எடுத்திருச்சு."

"மிச்சத்தக் குடு. கிழிச்சுப் போட்டுடறேன்."

"மிச்சம் ஏதுண்ணே? புள்ளைங்க புடுங்கிக்கிச்சுங்க. லயத்துல எல்லாம் பீச்சாங்கையால தின்னு ஆத்தாகிட்ட ஒத வாங்குதுங்க. அடுத்தது எப்பன்னு கேக்குதுங்க."

அடுத்த சீனப் பெருநாளில் ஆம்புரோஸ் மனிதர்களையும் ஒழுங்காக மாற்றி வரைந்தார். எல்லாக் கையும் சரியான கை. ஆனால் ஒரே ஒரு தப்பை வேண்டுமென்றே வைத்தார். பால் வடியும் கோப்பையை வெட்டுக்கு மேலே கட்டினார். தோட்டத்துப் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டார்கள் என்று பிச்சைமுத்து வந்து சொன்னான். "'பாலு மேல ஏறுமா, போடா'ன்னு ஒருத்தன ஒருத்தன் அடிச்சுக்கிறானுங்கண்ணே." லூமுட்டில் எல்ஸிக்கு அது தெரியவில்லை. அவள் கடற்கரைப் பிள்ளை, பால்மரத்தைப் பார்த்ததே இல்லை. தேடிச் சலித்துப் போய்ப் புத்தகத்தை மூடிவிட்டாள்.

அதன்பின் ஆம்புரோஸ் லூமுட்டுக்குப் போகும்போதெல்லாம் படகுத்துறையில் நின்று படகுகளைப் பார்த்தார். வலை எப்படிக் காய்கிறது, பாய் எப்படிப் புடைக்கிறது, பங்கோர் தீவுக்குப் போகிறவர்கள் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள் என்று பார்த்தார். அடுத்த புத்தகம் கடல். அதில் கொடி ஒரு பக்கம் பறந்தது, பாய் மறுபக்கம் புடைத்தது.

எல்ஸி ஒரு நொடியில் விரலை வைத்தாள். "காத்து ரெண்டா அடிக்குமா?"

"அடிக்காதா?"

"அடிக்காது. நீங்க கடலையே பாத்ததில்லையா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். பின்னர், தட்டில் கிடந்த மீனுக்குச் செவுள் இல்லை என்று இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். அதை அவர் வேண்டுமென்று செய்யவில்லை. செய்ததாகவே ஒப்புக்கொண்டார்.

இப்படி ஆண்டுக்கு ஒரு புத்தகம், ஒரு தப்பு. தோட்டங்களில் அதற்குத் 'தப்புப் புத்தகம்' என்று பெயர் விழுந்தது. செய்தவர் பெயர் அதில் எங்கும் இல்லை. சந்தையில் இரண்டு பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு தேடுவதை ஒருமுறை அவரே பார்த்தார். பக்கத்தில் நின்றார். சும்மா நின்றுவிட்டு வந்துவிட்டார். அவருக்கு ஈஸ்டரில் எல்ஸியோடு தேடும் அந்த ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது. தப்பு கிடைத்துவிட்டால் எல்ஸி எழுந்து விளையாடப் போய்விடுவாள். அதனால் ஒவ்வோர் ஆண்டும் தப்பை இன்னும் கொஞ்சம் ஒளித்துவைக்கக் கற்றுக்கொண்டார்.

எல்ஸிக்கு ஒன்பது வயது முடிந்தபோது அவர் சிலிபினில் மறுபடி வீடு பிடித்தார். மாதா கோயிலுக்குப் பக்கம். கிணறும் ஒரு கொய்யா மரமும் உண்டு. கிறிஸ்துமஸுக்குப் போனபோது அதைச் சொல்லி, பிள்ளையைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டார்.

கெர்ட்ரூட் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "வாக்கு வாக்குத்தான் தம்பி. ஈஸ்டருக்கு வாங்க, கூட்டிட்டுப் போங்க. புள்ள சரின்னா எனக்கும் சரி."

"நீங்களும் வந்துடுங்கக்கா. ரெண்டு ரூம் இருக்கு."

"நல்லா இருக்கே! பொண்டாட்டி போனவரும் புருசன் போனவளும் ஒரே கூரைக்குக் கீழயா? ஊரு வாய யாரு மூடுறது? கோயில்ல நான் எந்தப் பக்கம் போயி நிப்பேன்?" அவள் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

அந்தச் சீனப் பெருநாளில் அவர் செய்த புத்தகம் சிலிபின் வீட்டைப் பற்றியது. இந்த முறை தப்பு வைக்கவில்லை. பிள்ளை வந்து வாழப் போகிற வீட்டை உள்ளது உள்ளபடி காட்ட வேண்டும் என்று நினைத்தார். வாசல்படியில் எத்தனை விரிசல் உண்டோ அத்தனையும் வரைந்தார். கிணற்றுக் கப்பி, கொய்யா மரத்தின் வளைந்த கிளை, எல்ஸி படுக்கப் போகும் கட்டில், அவள் பள்ளிக்குப் போகும் வழி. கடைசிப் படத்தில் அப்பாவும் மகளும் வாசலில் நிற்கிறார்கள்.  இந்த முறை எழுத்துக்கு முன் படத்தைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

ஈஸ்டரன்று லூமுட் வீட்டில் கதவோரம் ஒரு டிரங்குப் பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. கெர்ட்ரூட் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். "காப்பி போடுறேன்" என்று அடுப்படிக்குப் போனவள் வெளியே வரவில்லை.

எல்ஸி புதுச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து தேடத் தொடங்கினாள். முதலிலிருந்து கடைசி வரை பார்த்தாள்.

"இந்தத் தடவ தப்பு வைக்கலம்மா" என்றார் ஆம்புரோஸ்.

"சும்மா சொல்றீங்க."

"நெசமாத்தான். இது நம்ம வீடு. இருக்கிறத அப்படியே வரைஞ்சேன்."

அவள் நம்பவில்லை. மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். கட்டில் கால்களை எண்ணினாள். கப்பிக் கயிறு போகும் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். கடைசிப் படத்தில் விரல் நின்றது. 

"கண்டுபிடிச்சுட்டேன்."

"என்ன?"

"பெரியம்மாவக் காணோம்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

ஆம்புரோஸ் பதிலை பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தார். பெரியம்மா இங்கேதான் இருப்பாங்க, லீவுக்கு லீவு வந்து பாக்கலாம்.  அதை விட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார்.

"நீயே வரைஞ்சுடு. சரியாப் போயிடும்ல?"

எல்ஸி பென்சிலை வாங்கினாள். வாசலில் நிற்கும் இரண்டு பேருக்கும் நடுவே முனையைக் கொண்டுபோனாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"வரைஞ்சா வந்துருவாங்களா?"

அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. அவர் அந்த முகத்தைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் நின்ற காலத்திலிருந்து அதை முழுசாகப் பார்க்கத்தான் ஆசைப்பட்டார். இப்போது அது முழுசாக அவர் பக்கம் திரும்பியிருந்தது.

"வர மாட்டாங்கம்மா" என்றார். "நீ சொன்னதுதான் சரி. அது தப்புத்தான்."

எழுந்து அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "அக்கா, பெட்டியப் பிரிச்சுடுங்க."

 உள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. காப்பி குடிக்காமலே அவர் பஸ்ஸுக்கு நடந்தார்.

சிலிபின் வீட்டை அவர் விட்டுவிடவில்லை. கொய்யா காய்த்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பறித்துக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து பிச்சைமுத்து சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டான்.

"வேணாங்குதுங்கண்ணே. எல்லாத் தோட்டத்துலயும் ஒரே பேச்சு. இதுல தப்பே இல்லையாம்."

ஆம்புரோஸ் கட்டைப் பிரித்து மேலே கிடந்த ஒன்றை எடுத்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். மறுபடி கட்டுக்குள் வைத்து அவன் பக்கம் தள்ளினார்.

"நல்லாத் தேடச் சொல்லுப்பா" என்றார். "இருக்கு."