நர்ஸிடம் மறைத்த புகையிலை

போன வருஷம் ஆடி மாசம். ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத்தறி ஓடுகிறது. கணவர் நெய்வார், நான் நூல் சுற்றுவேன். மார்பில் கட்டி வந்து, புற்றுநோய்தான் என்று தெரிந்து, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கீமோ ஆரம்பித்தார்கள்.

முதல் நாள் நர்ஸம்மா வரிசையாகக் கேட்டார். சர்க்கரை இருக்கா, பல் உடைஞ்சிருக்கா, பல்செட் உண்டா, புகையிலை போடுவீங்களா? இதெல்லாம் இருந்தால் கீமோ நேரத்தில் வாய்ப்புண் சுலபமாக வருமாம். எல்லாவற்றுக்கும் "இல்லீங்க" என்றேன். பக்கத்தில் கணவர் நின்றாரே! சண்டை போட்டு அவர் பீடியை நிறுத்தியவள் நான். நானே இடது கன்னத்தில் புகையிலை அடக்கிக்கொண்டுதான் நூல் சுற்றுவேன் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கம் கடைவாய்ப்பல் ஒன்று உடைந்து கூராக இருந்ததையும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குமட்டல் தாங்காமல் புகையிலையைக் கூடுதலாகவே போட்டேன். ஒரு வாரத்தில் வாயெல்லாம் வெந்துபோனது. கஞ்சியை விடுங்கள், தண்ணீர் விழுங்கினாலே கண்ணில் நீர் வந்தது. கூடவே காய்ச்சல். வேலூருக்கு ஓடினோம். படுக்க வைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். அடுத்த கீமோவைத் தள்ளி வைப்பதாகச் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது.

அதே நர்ஸம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். "இடது பக்கம் மட்டும் இவ்ளோ ஆழமா இருக்குதேங்க. ஏதாச்சும் அடக்கி வெப்பீங்களா? நான் திட்ட மாட்டேன். தெரிஞ்சாதான் அடுத்த தடவை இப்படி ஆகாம பாத்துக்க முடியும்."

"புகையிலைங்க. இருபது வருஷமா. அந்தப் பக்கம் பல்லும் ஒண்ணு உடைஞ்சிருக்குது."

"அடிப்பாவி! பீடி நாத்தம்னு என்னை நடையில படுக்க வெச்சியே!" என்றார் கணவர். நர்ஸம்மா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, உதடு வெடித்து வலித்தது. அப்புறம் கணவரின் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு பயந்துகினா சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

புண் ஆறி, கீமோவில் குறைந்திருந்த ரத்த அணுக்கள் ஏறியதும், டாக்டர் சொன்னபடி பல் டாக்டரிடம் போய் உடைந்த பல்லின் கூர்முனையைத் தேய்த்துக்கொண்டு வந்தேன். மெத்தென்ற பிரஷ் வாங்கினோம். உப்பும் ஆப்ப சோடாவும் கலந்த தண்ணீரில் தினமும் நாலைந்து தடவை கொப்பளித்தேன். "கொப்பளிச்சியா?" என்று தறியில் இருந்துகொண்டே குரல் கொடுப்பார் அவர். புகையிலையை விடுவது லேசாக இல்லை. முதல் பத்து நாள் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். ஆனால் விட்டுவிட்டேன். பிறகு புண் வராமல் இல்லை, சின்னதாக வந்து ஆறியது. மிச்ச கீமோ ஒன்றுகூடத் தள்ளிப்போகவில்லை.

மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று நான் மறைத்ததற்கு என் உடம்புதான் பாடுபட்டது. இன்று எந்த டாக்டர் முன்னாலும் கூச்சப்படாமல் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், அந்தத் தைரியத்தையும் என் சிகிச்சையில் ஒரு பங்காகத்தான் நினைக்கிறேன்.