ஒரு தறி மட்டும் நின்றால்

ஆறு வயதில் ரஞ்சனிக்கு ஒரு பட்டப்பெயர் விழுந்தது: கரண்டு அம்மிணி.

குமாரபாளையத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே எட்டு விசைத்தறிகள். அந்தச் சத்தத்தில்தான் தூங்கினாள், வாய்ப்பாடு ஒப்பித்தாள், அழுதாலும் அதை மிஞ்சி அழுதாள். கரண்ட் போனால் மட்டும் தெரு மொத்தமும் ஒரே நொடியில் அடங்கும். தறி ஓட்டுகிறவர்கள் வெளியே வருவார்கள், டீ வரும், கேலியும் சிரிப்புமாக இருக்கும். அந்த அமைதிக்காக அவள் ஏங்கிக் கிடப்பாள்.

ஒரு நாள் ஜன்னலோரத் தறி சட்டென்று நின்றது. அவ்வளவுதான், ஒரே ஓட்டம். மெயின் ரோட்டு டீக்கடையில் போய், "கரண்டு போயிருச்சுங்கோ, பத்து டீ வேணுமாம்!" என்றாள். கடைக்காரர் தூக்குப்போணியோடு வந்து பார்த்தால் மற்ற ஏழு தறிகளும் தடதடவென்று ஓடுகின்றன. ஆசை காதை அடைத்துவிட்டது, பாவம்.

தறி ஓட்டும் சென்னிமலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏனுங் அம்மிணி, ஒன்னு நின்னா நூல் அறுந்துபோச்சுன்னு அர்த்தம். எட்டும் ஒன்னா நின்னாத்தான் கரண்டு!"

அந்த ரஞ்சனி சேலத்தில் இயற்பியல் படித்தாள். 2017 அக்டோபரில், ஊருக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே, செல்போனில் அந்தச் செய்தியைப் படித்தாள். எங்கோ இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியிருக்கின்றன. அந்த மோதல் அண்டவெளியையே அதிரவைத்து எழுப்பிய ஈர்ப்பலை பூமிக்கு வந்து சேர்ந்து இரண்டு நொடிகூட ஆகவில்லை, காமா கதிரும் வந்திருக்கிறது! இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டாள். பவானி பாலத்தில் இறங்கி, காவிரியைப் பார்த்தபடி நடந்தே திரும்பினாள். இன்னொரு முறை அப்படி நடந்தால் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்த அந்த நடை அவளுக்கு இன்னமும் மறக்கவில்லை.

இன்று அவளுக்கு அதுதான் வேலை. ஈர்ப்பலை வந்ததாக அறிவிப்பு வந்தால், அதே நேரத்தில் செயற்கைக்கோளில் எக்ஸ் கதிரோ காமா கதிரோ பதிவாகியிருக்கிறதா என்று தேடும் குழுவில் இருக்கிறாள். இத்தனை வருடங்களில் அலையும் கதிரும் சேர்ந்து வந்த, சந்தேகத்துக்கு இடமில்லாத இன்னொரு ஜோடி யாருக்கும் சிக்கவில்லை.

ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வந்திருந்தாள். அந்த வாரக் கண்காணிப்பு அவளுடைய முறை. காலையில் எல்லாரும் ஆற்றுக்குக் கிளம்பும்போது அறிவிப்பு வந்தது. மோதியது நியூட்ரான் விண்மீன்களாக இருக்கலாம்!

"ஏஞ்சாமி, நோம்பி நாள்லகூடவா?" என்றாள் அம்மா தெய்வநாயகி.

"நீங்க போங்கம்மா, நான் வரலே."

மதியம் மூன்று மணிக்குச் செயற்கைக்கோளின் தரவு வந்தது. பண்டிகை விடுமுறை, தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. அந்த அமைதியில் வரைபடத்தைத் திறந்தாள். நொடிக்கு நொடி பதிவான கதிர்களின் எண்ணிக்கை, சமதளமாகப் போகிற கோடு. அலை வந்து இரண்டாவது நொடியில் ஒரு மேடு.

கண்ணில் நீர் முட்டியது. 'கண்டோம்' என்று அறிக்கையைத் தட்டினாள். இது போனால் உலகத்துத் தொலைநோக்கிகள் பலவும் தங்கள் வேலையை விட்டுவிட்டு அந்தத் திசைக்குத் திரும்பும். அவள் பெயரில் போகும் முதல் அறிக்கை. விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேல் நின்றது.

வாசலில் ஈரத்துண்டோடு சென்னிமலை. "என்னுங் கரண்டு அம்மிணி, இன்னிக்காச்சும் நெசமாலுமே கரண்டு போச்சா?"

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் விரலை எடுத்துவிட்டாள்.

செயற்கைக்கோளில் கதிரைப் பதியும் கருவிக்கு நான்கு பகுதிகள். வானத்திலிருந்து வருவது கூடவோ குறையவோ நான்கிலும் தெரிய வேண்டும். அவள் பார்த்ததோ நான்கையும் கூட்டிய கோடு. பிரித்துப் பார்ப்பதுதான் முறை. அவசரத்தில் விட்டிருந்தாள்.

பிரித்தாள். முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் அந்த மேடு ஊசிபோல நின்றது. நான்காவதைத் திறக்கையில், இங்கேயாவது இரு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

இல்லை. கருவியின் ஒரு மூலையில் எழுந்த வெறும் இரைச்சல்.

'கண்டோம்' என்பதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். 'தேடினோம். இந்தப் பிரகாசத்துக்கு மேல் எதுவும் இல்லை' என்று எழுதி, எண்களை இரண்டு முறை சரிபார்த்து அனுப்பினாள்.

"கெடைக்கலேன்னு சொல்லறதுக்கா நோம்பிச் சோறுகூடத் திங்காம உக்காந்திருந்தே?" என்றாள் ஆற்றிலிருந்து திரும்பியிருந்த தெய்வநாயகி.

"ஆமாங்கம்மா. அதையும் ஒருத்தர் பாத்துத்தான சொல்லோணும்." சென்னிமலை பக்கம் திரும்பினாள். "ஒரு தறிதான் நின்னுதுங் மாமா."

சென்னிமலைக்கு விண்மீன் கதை ஒன்றும் தெரியாது. ஆனால் இது சட்டென்று புரிந்தது. 

"அப்ப டீ கெடையாதா?"

ரஞ்சனி பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். எட்டுத் தறிகளும் மஞ்சள் குங்குமப் பொட்டோடு அசையாமல் நின்றன.

"எட்டும் நிக்கிதுங்களே மாமா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருங்க, நானே போய்ச் சொல்லிட்டு வாரேன்."